ஜெயபுரத்துக் கிணறும் மாறாத இலக்கமும்: ஏ.டி.சி சிப் தெரிவு செய்வோருக்குச் சில குறிப்புகள்

ஜெயபுரத்தில் ஓர் அக்காவின் தோட்டக் கிணற்றில் நான் பொருத்திக் கொடுத்த பெட்டி மூன்று கிழமைகளாக ஒரே இலக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. 2200. காலையில் பார்த்தாலும் 2200, பம்பி இரண்டு மணித்தியாலம் ஓடிய பிறகு பார்த்தாலும் 2200. கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைச் சொல்வதற்கான பெட்டி அது. 2500-ஐத் தாண்டினால் மணி அடிக்கும், உடனே பம்பியை நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மணி அடிக்கவில்லை. அக்காவும் நிறுத்தவில்லை.

சோளகக் காற்று வீசுகிற ஆடி மாதம் அது. மிளகாய்ச் செடிகள் பூக்கத் தொடங்கியிருந்தன. முதலில் இலைகளின் ஓரம் கருகியது, பிறகு பூக்கள் உதிர்ந்தன. அக்கா தொலைபேசியில் அழைத்தபோது என்னைக் குறை சொல்லவில்லை. "தம்பி, உங்கட பெட்டி ஒரே இலக்கத்தைத்தானே காட்டுது. தண்ணி ஒரு மாற்றமும் இல்லாமல் நல்லாத்தான் கிடக்குது எண்டு நினைச்சன்" என்றுதான் சொன்னார்.

கையில் வைத்து அளக்கும் மீற்றர் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அது 3600 காட்டியது. கிணறு எப்போதோ 2200-ஐத் தாண்டிவிட்டிருந்தது. என் பெட்டிக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது.

கணவனை யுத்தத்தில் இழந்து, கடன் எடுத்து மிளகாய் நட்ட ஒரு குடும்பத்தின் விளைச்சலில் பாதி, நான் ஒரு சிப்பைத் தவறாகப் பயன்படுத்தியதால் போயிற்று. பிழை சிப்பிலும் இல்லை, அதை விற்ற கடையிலும் இல்லை. என்னிடம்தான் இருந்தது. வன்னியில் இன்று பல இளையோர் சூரிய மின்பம்பி, மண் ஈரமானி, தராசு, கிணற்று மட்டமானி என்று தாங்களே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவும் என்பதால், நான் கற்றுக்கொண்டதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஏ.டி.சி என்றால் என்ன?

எங்களைச் சுற்றியுள்ள வெப்பம், ஒலி, பாரம், உப்புத்தன்மை எல்லாம் தொடர்ச்சியாக மாறுபவை. உணரி ஒன்று இவற்றை வோல்ற்றாக மாற்றித் தருகிறது. கணினிக்கோ மைக்ரோகொன்ட்ரோலருக்கோ வோல்ற் விளங்காது, இலக்கம்தான் விளங்கும். வோல்ற்றை இலக்கமாக்கிக் கொடுக்கும் சிப்பையே அனலொக்–டிஜிட்டல் மாற்றி, சுருக்கமாக ஏ.டி.சி என்கிறோம்.

இதை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்ளலாம். ஏணியின் உயரம், சிப் அளக்கக்கூடிய அதிகபட்ச வோல்ற். அந்த உயரத்தை எத்தனை படிகளாகப் பிரித்திருக்கிறது என்பதே 'பிற்' எண்ணிக்கை. 8 பிற் என்றால் 256 படிகள், 10 பிற்றுக்கு 1024, 12 பிற்றுக்கு 4096, 16 பிற்றுக்கு 65,536. வரும் வோல்ற் எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியின் இலக்கம் வெளியே வரும். ஏணியை விட உயரமான வோல்ற் வந்தால், சிப் கடைசிப் படியின் இலக்கத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும். என் பெட்டி செய்தது அதைத்தான்.

ஒலியை இலக்கங்களாக்கி அனுப்பலாம் என்ற முறையை அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1937-இல் வகுத்தார். 1954-இல் அமெரிக்காவில் பேர்னாட் கோர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த 11 பிற் மாற்றி வெற்றிடக் குழாய்களால் ஆனது, சுமார் 500 வாற் மின்சாரம் குடித்தது. இன்று அதைவிடத் துல்லியமான சிப் விரல் நகத்தில் பாதி அளவுதான். கைத்தொலைபேசியின் ஒலிவாங்கி, டிஜிட்டல் தராசு, இரத்த அழுத்தமானி, ஷெல் சத்தத்தால் காது பாதிக்கப்பட்டவர்கள் அணியும் டிஜிட்டல் செவிப்புலன் கருவி எல்லாவற்றுக்குள்ளும் ஓர் ஏ.டி.சி இருக்கிறது.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரி வன்னிக்கு வராமல் இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டு வளர்ந்தவன் நான். சக்கரம் மெதுவாகச் சுற்றினால் செய்தி மங்கும், வேகமாகச் சுற்றினால் றேடியோ எரிந்துவிடும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வீச்சு உண்டு என்பதை அப்போதே கை அறிந்திருந்தது. பிறகு சிப் வாங்கிய காலத்தில்தான் அதை மறந்தேன்.

முதல் கேள்வி: அளக்கப்போகும் வீச்சு எவ்வளவு?

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை பிற்?" என்பதுதான். அதற்கு முன்னர் கேட்க வேண்டியது வேறொன்று: என் உணரி தரக்கூடிய ஆகக் குறைந்த வோல்ற் எவ்வளவு, ஆகக் கூடிய வோல்ற் எவ்வளவு?

தண்ணீரின் உப்பை அதன் மின்கடத்துதிறனால் அளக்கிறோம். அலகு, சென்றிமீற்றருக்கு மைக்ரோசீமன்ஸ். இந்தக் கட்டுரையில் உப்புக்குக் கொடுத்திருக்கும் இலக்கங்கள் எல்லாம் அந்த அலகில்தான். கடல்நீர் சுமார் 50,000. ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் பாசன வழிகாட்டியின்படி 700-க்குக் கீழே என்றால் பயமில்லை. 700 முதல் 3000 வரை கவனம் வேண்டும். 3000-க்கு மேல் கடுமையான பாதிப்பு. மிளகாய்க்கு 1000 வரை விளைச்சல் குறையாது. 3400 அளவில் பாதியாகும். வெங்காயம் இன்னும் மென்மையானது, 2900 அளவிலேயே பாதியாகிவிடும்.

என் சுற்று ஒவ்வொரு 1000-க்கும் 0.5 வோல்ற் கொடுக்கும்படி அமைந்திருந்தது. மாரி முடிந்த தை மாதத்தில் அந்தக் கிணறு 1200 அளவில் இருந்தது. அதாவது 0.6 வோல்ற். ஆர்டுயினோ பலகையில் உள்ள ஏ.டி.மெகா 328பி சிப்புக்குள் 10 பிற் ஏ.டி.சி ஒன்று இருக்கிறது. அதன் ஏணி உயரத்தை 5 வோல்ற்றாகவும் வைக்கலாம், உள்ளே இருக்கும் 1.1 வோல்ற்றாகவும் வைக்கலாம். 0.6 வோல்ற்றை அளக்க 5 வோல்ற் ஏணி எதற்கு, 1.1 வைத்தால் படிகள் நெருக்கமாக இருக்குமே என்று நினைத்தேன். பற்றரி இறங்கினாலும் அந்த 1.1 மாறாது என்பது இன்னொரு காரணம்.

இரண்டு காரணங்களும் சரியானவையே. ஆனால் 1.1 வோல்ற் என்பது 2200 உப்பு. மணி அடிக்க வேண்டிய இடம் 2500. அந்த மணி ஒருபோதும் அடிக்க வழியில்லை. தை மாதத் தண்ணீரைப் பார்த்து ஏணி செய்தேன், ஆடி மாதத் தண்ணீரை நினைக்கவில்லை. பூநகரிப் பக்கத்துக் கிணறுகளைத் தெரிந்தவன், வறட்சியில் இறைக்க இறைக்க உவர் ஏறும் என்பதை மறந்திருக்கக்கூடாது.

ஆகவே விதி இது: எதிர்பார்க்கும் மிக மோசமான நிலைக்கு வரும் வோல்ற்றைக் கணக்கிடுங்கள். அதைவிடக் குறைந்தது கால்வாசி கூடுதலாக ஏணியின் உயரத்தை வையுங்கள். கடைசிப் படியை இலக்கம் தொட்டால் திரையில் அந்த இலக்கத்தைக் காட்டாமல் "அளவு கடந்தது" என்று எழுதச் செய்யுங்கள்.

இரண்டாவது: எவ்வளவு சிறிய மாற்றம் தெரிய வேண்டும்?

இப்போது பிற் எண்ணிக்கைக்கு வருவோம். என் சுற்றில் 5 வோல்ற் ஏணியில் 10 பிற் என்றால் ஒரு படி 4.9 மில்லிவோல்ற். அது ஏறத்தாழ 10 மைக்ரோசீமன்ஸ். 4.096 வோல்ற் ஏணியில் 12 பிற் என்றால் ஒரு படி சரியாக 1 மில்லிவோல்ற், அதாவது 2 மைக்ரோசீமன்ஸ். 16 பிற் சிப் இன்னும் பல மடங்கு நுண்மையாகச் சொல்லும்.

ஆனால் தண்ணீரின் வெப்பநிலை ஒரு பாகை மாறினாலே மின்கடத்துதிறன் சுமார் 2 வீதம் மாறும். 2000 இருக்கும் தண்ணீரில் அது 40 மைக்ரோசீமன்ஸ். வெப்பநிலையைத் திருத்தாமல் 16 பிற் சிப் போடுவது, உடைந்த தராசில் பவுண் நிறுப்பது போன்றது. உண்மையில் எனக்கு 10 பிற்றே போதுமாயிருந்தது. நான் நெருக்கமான படியைத் தேடி ஏணியைக் குறுக்கியதுதான் வினையாயிற்று.

எனவே உணரியின் பிழை எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அந்தப் பிழையில் நாலில் ஒரு பங்குக்கு ஒரு படி இருந்தால் போதும். இன்னொரு விடயம், பெட்டியில் எழுதியிருக்கும் பிற் வேறு, உண்மையில் பயன்படும் பிற் வேறு. 24 பிற் என்று விற்கும் சிப்பில் கடைசிப் பல பிற்றுகள் இரைச்சலில் ஆடிக்கொண்டே இருக்கும். தொழில்நுட்பத் தாளில் 'இரைச்சலற்ற பிற்' என்று கொடுத்திருக்கும் இலக்கத்தையே நம்புங்கள். கொஞ்சம் இரைச்சல் உள்ள இடத்தில் 4 முறை அளந்து சராசரி எடுத்தால் அரை இரைச்சல் குறையும், ஒரு பிற் கூடியது போலாகும். 16 முறை எடுத்தால் இரண்டு பிற். சில வேளைகளில் புதுச் சிப் வாங்குவதை விட இது மலிவு.

மூன்றாவது: எவ்வளவு வேகம்?

கிணற்று நீர் மட்டம் நிமிடத்துக்கு ஒருமுறை தெரிந்தால் போதும். ஒலி அப்படியல்ல. மனிதக் காது 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும், இசைத்தட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது. ஒரு சமிக்ஞையில் உள்ள ஆகக் கூடிய அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அதன் வடிவம் பிழைக்காது. குறைவாக அளந்தால் இல்லாத ஒரு மெதுவான அலை இருப்பதுபோலத் தோன்றும்.

வேகத்தைப் பொறுத்து ஏ.டி.சி வகைகளும் வேறுபடும்.

படிப்படியாக ஒப்பிடும் வகை: தராசில் பெரிய படிக்கல்லிலிருந்து சிறிய கல் வரை வைத்து எடுத்து நிறுப்பது போல வேலை செய்யும். நடுத்தர வேகம், 8 முதல் 16 பிற் வரை. ஆர்டுயினோவுக்குள் இருப்பதும் எம்.சி.பி. 3208 சிப்பும் இவ்வகை. கேட்ட கணத்தில் விடை வரும்.

டெல்டா–சிக்மா வகை: மிக வேகமாகப் பலமுறை அளந்து சராசரியாக்கிக் கொடுக்கும். மெதுவானது, ஆனால் மிக நுண்மையானது. ஏ.டி.எஸ். 1115, எம்.சி.பி. 3421, தராசுகளில் வரும் எச்.எக்ஸ். 711 ஆகியவை இவ்வகை.

இருசரிவு வகை: கொள்ளளவி ஒன்றைக் குறித்த நேரம் நிரப்பி, பிறகு வடிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணும். மலிவான டிஜிட்டல் மல்டிமீற்றருக்குள் இருக்கும் 7106 வகைச் சிப் இதுதான். எழுபதுகளில் வந்த வடிவமைப்பு, இன்றும் நம்பிக்கையானது.

மிக வேகமான பிளாஷ், பைப்லைன் வகைகள் ஒசிலோஸ்கோப்புக்கும் வானொலித் தொடர்புக்கும் உரியவை. தோட்டத்துக்குத் தேவையில்லை.

நான்காவது: ஒப்பீட்டு வோல்ற்

ஏணியின் உயரத்தை நிர்ணயிப்பது ஒப்பீட்டு வோல்ற். ஏணியே ஏறி இறங்கினால் படி இலக்கத்துக்கு அர்த்தமில்லை. பலர் பலகையின் 5 வோல்ற்றையே ஒப்பீடாக எடுக்கிறார்கள். மடிக்கணினியில் நீளமான கேபிளால் இணைக்கும்போது அது 4.65 வோல்ற்றாக இருக்கலாம். வயலில் ரெகுலேற்றர் வழியாக வரும்போது 5.05 ஆக இருக்கலாம். வீட்டில் இருந்து அளவு திருத்தி வயலில் கொண்டுபோய் வைத்தால் இலக்கம் 8 வீதம் குறைத்துக் காட்டும். பற்றரி வோல்ற்றை அளப்பவருக்கு ஆபத்து மறுபக்கம். பற்றரி இறங்க, பலகையின் 5 வோல்ற்றும் இறங்க, பற்றரி நன்றாக இருப்பதுபோலவே இலக்கம் காட்டும். கடைசியில் பற்றரி செத்துவிடும்.

ஆர்டுயினோவின் உள் 1.1 வோல்ற் பற்றரியோடு மாறாது. ஆனால் ஒரு சிப்பில் அது 1.0 ஆகவும் இன்னொன்றில் 1.2 ஆகவும் இருக்கலாம் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே அளவு திருத்த வேண்டும். எம்.சி.பி. 3208-க்கு வெளியிலிருந்து ஒப்பீடு கொடுக்க வேண்டும். எல்.எம். 4040 வகையில் 4.096 வோல்ற் சிப் அதற்குப் பொருத்தம். ஏ.டி.எஸ். 1115, எம்.சி.பி. 3421 இரண்டிலும் ஒப்பீடு உள்ளேயே இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு: உணரிக்கும் ஏ.டி.சிக்கும் ஒரே வோல்ற்றைக் கொடுத்து, தடைகளின் விகிதத்தை மட்டும் அளப்பதானால், அந்த வோல்ற் ஏறி இறங்கினாலும் விடை மாறாது. வெப்பத் தடை உணரி, தராசின் பார உணரி ஆகியவற்றை இப்படி இணைப்பதே நல்லது.

ஐந்தாவது: உணரி சிப்புக்கு ஈடுகொடுக்குமா?

ஏ.டி.சிக்குள் ஒரு சிறிய கொள்ளளவி இருக்கிறது. அளக்கும் கணத்தில் அது நிரம்ப வேண்டும். உணரியின் தடை அதிகமானால் அது அரைகுறையாகவே நிரம்பும். பல வாய்களை மாறி மாறி அளக்கும் சிப்பில், முன்னைய வாயின் வோல்ற் அடுத்ததில் ஒட்டிக்கொள்ளும். ஏ.டி.மெகா சிப்புக்கு 10,000 ஓம் அல்லது அதற்குக் குறைவாக இருக்கச் சொல்கிறார்கள். 12 வோல்ற் பற்றரியை அளக்க 10 இலட்சம் ஓம், 2.2 இலட்சம் ஓம் என்று பெரிய தடைகளால் பிரித்தால் இந்தச் சிக்கல் வரும். ஏ.டி.சியின் காலுக்கும் நிலத்துக்கும் இடையில் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் தீரும்.

ஒப்பறேஷனல் அம்பிளிபயருக்கும் ஓர் எல்லை உண்டு. எங்கும் கிடைக்கும் எல்.எம். 358-க்கு 5 வோல்ற் கொடுத்தால் அதன் வெளியீடு சுமார் 3.5 வோல்ற்றுக்கு மேல் ஏறாது. ஏ.டி.சியின் ஏணியை நீட்டினாலும் அதற்கு முன்னால் உள்ள சுற்று முட்டுப்பட்டு நிற்கும். இணையத்தில் வாங்கும் உப்பு உணரிப் பலகைகள் பல 1000 பி.பி.எம். வரைக்குமே செய்யப்பட்டவை. எங்கள் உவர்க் கிணறுகளுக்கு அவை காணாது.

ஆறாவது: 50 ஹேர்ட்ஸ் இரைச்சல், நீண்ட வயர், இடி

இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். மின்கம்பிக்குப் பக்கத்தில் ஓடும் வயரில் இந்த இரைச்சல் ஏறும். 20 மில்லிசெக்கனோ அதன் முழு மடங்கோ எடுத்துச் சராசரியாக்கினால் அது தானாக அழிந்துவிடும். இருசரிவு வகையும் மெதுவாக ஓடும் டெல்டா–சிக்மாவும் இதை உள்ளேயே செய்கின்றன. எச்.எக்ஸ். 711 செக்கனுக்கு 10 முறை அளக்கும் நிலையில் 50 ஹேர்ட்ஸையும் 60 ஹேர்ட்ஸையும் ஒன்றாகவே தள்ளிவிடும். பார உணரி போன்ற மில்லிவோல்ற் சமிக்ஞைகளுக்கு இரு வயர்களின் வித்தியாசத்தை அளக்கும் வாய் உள்ள சிப்பையே எடுங்கள். இரண்டு வயரிலும் சமமாக ஏறும் இரைச்சல் கழிந்துபோகும்.

கிணறு வீட்டிலிருந்து தூரமென்றால் ஏ.டி.சியை உணரியின் அருகில் வையுங்கள். ஐ-டூ-சி முறையில் பேசும் சிப்பின் வயர் ஒரு மீற்றருக்குள் இருப்பது நல்லது. பல பத்து மீற்றர் தூரத்துக்கு 4–20 மில்லிஅம்பியர் முறை ஏற்றது. 250 ஓம் தடையில் அது 1 முதல் 5 வோல்ற்றாகும். இதில் பூச்சியம் என்ற அளவு 4 மில்லிஅம்பியரில் தொடங்குவதால், வயர் அறுந்தால் 0 வரும். கிணறு வற்றியதா, வயரை மாடு இழுத்ததா என்று வேறுபடுத்தி அறியலாம். இடி மழைக் காலத்தில் ஒவ்வொரு வாயிலும் தொடராக ஒரு தடையும் பாதுகாப்பு டயோட்டுகளும் இல்லாவிட்டால் சிப் ஒரு மின்னலுக்கே போய்விடும்.

எங்கள் கைக்கு எட்டும் சிப்கள்

ஏ.டி.மெகா 328பி-க்குள் இருப்பது: 10 பிற், தனிச் செலவில்லை. பற்றரி வோல்ற், மண் ஈரம், வெளிச்சம் போன்றவற்றுக்குத் தாராளமாகப் போதும்.

ஈ.எஸ்.பி. 32-க்குள் இருப்பது: 12 பிற் என்று சொன்னாலும் ஏணியின் இரு நுனிகளிலும் படிகள் நேராக இல்லை. வைபை ஓடும்போது அதன் இரண்டாவது ஏ.டி.சியைப் பயன்படுத்த முடியாது. நம்பி அளக்க வேண்டுமென்றால் வெளியே ஒரு சிப் போடுங்கள்.

எம்.சி.பி. 3208: 12 பிற், 8 வாய்கள், எஸ்.பி.ஐ. முறை. 5 வோல்ற்றில் செக்கனுக்கு 1 இலட்சம் முறை அளக்கும். கால் நீண்ட வடிவத்திலும் வருவதால் சாதாரண சோல்டரிங் அயனால் பற்றவைக்கலாம், பழுதானால் சொக்கற்றிலிருந்து கழற்றி மாற்றலாம். இதன் தம்பி 3008, 10 பிற்.

ஏ.டி.எஸ். 1115: 16 பிற், 4 வாய்கள் அல்லது 2 வித்தியாச வாய்கள். செக்கனுக்கு 8 முதல் 860 முறை. ஏணி உயரத்தை 0.256 முதல் 6.144 வோல்ற் வரை ஆறு அளவுகளில் மாற்றலாம். தொடர்ந்து ஓடினாலும் சுமார் 150 மைக்ரோஅம்பியர்தான் எடுக்கும், பற்றரிக்கு நல்லது. இரண்டு எச்சரிக்கைகள். ஏணியை 6.144 என்று வைத்தாலும், கொடுத்திருக்கும் மின்வோல்ற்றுக்கு மேல் 0.3-க்குக் கூட வாயில் வரக்கூடாது. நிலத்தை அடியாக வைத்து அளக்கும்போது பாதி ஏணிதான் கிடைக்கும், ஆகவே உண்மையில் 15 பிற். இதே பலகையில் 12 பிற் கொண்ட 1015 சிப்பைப் போட்டு விற்பதும் நடக்கக்கூடும். இலக்கங்கள் எப்போதும் 16-இன் மடங்காகவே வந்தால் உங்களிடம் இருப்பது 1015.

எம்.சி.பி. 3421: ஒரே வாய், 18 பிற், அந்த நுண்மையில் செக்கனுக்கு 4 தடவைக்கும் குறைவு. வெப்ப இணை போன்ற மிகச் சிறிய வோல்ற்றுகளுக்கு.

எச்.எக்ஸ். 711: பார உணரிக்கென்றே செய்தது. நெல் மூடையோ மீனோ நிறுக்கும் தராசு செய்வோருக்கு இதுவே முதல் தெரிவு. வேறு உணரிகளுக்கு இதை இழுத்துப் பொருத்த வேண்டாம், அதன் வீச்சு மில்லிவோல்ற் கணக்கில்தான்.

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இவற்றில் பலவற்றை வாங்கலாம். இணையத்திலும் எடுப்பிக்கலாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சிப்களின் விலை ஏறியிருப்பதால், தேவைக்கு மேல் பிற் வாங்குவது வீண் செலவு. அந்தக் காசில் நல்ல ஒப்பீட்டுச் சிப் ஒன்றும் பாதுகாப்பு உதிரிகளும் வாங்குங்கள். ஒரே வகையில் இரண்டு வாங்கி ஒன்றை வைத்திருங்கள். ஜெயபுரத்தில் சிப் எரிந்தால் அடுத்தது வர நாட்கள் ஆகும், செடி அதுவரை காத்திருக்காது.

வயலுக்குக் கொண்டுபோகுமுன் செய்ய வேண்டிய சோதனை

அடியையும் உச்சியையும் இரண்டையும் சோதியுங்கள். உப்பு அளப்பவர்கள் 1413 மைக்ரோசீமன்ஸ் நியமக் கரைசல் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அல்லது ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 0.746 கிராம் பொற்றாசியம் குளோரைட்டைக் கரைத்தால், 25 பாகையில் அதே அளவு வரும். பாடசாலை ஆய்வுகூடத்தில் கேட்டால் செய்து தருவார்கள்.

உச்சிக்கு அதுகூடத் தேவையில்லை. ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் 2 கிராம் சமையல் உப்பைக் கரையுங்கள். கருவி 3500-க்கு மேல் காட்ட வேண்டும். இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டால் இலக்கம் இன்னும் ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் உங்கள் ஏணி முடிந்துவிட்டது. குசினியில் இருந்த ஒரு சிட்டிகை உப்பால் இந்தச் சோதனையை நான் தை மாதமே செய்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

கருவியைப் பயன்படுத்துபவருக்கு மூன்று விடயங்களைச் சொல்லிக்கொடுங்கள்: இலக்கம் எந்தப் பக்கம் போனால் கெட்டது, எந்த இலக்கத்தில் நிறுத்த வேண்டும், எப்போது கருவியை நம்பக்கூடாது. மூன்றாவதை நாங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. நாளாந்தம் கொஞ்சமாவது ஆடாத இலக்கம் சந்தேகத்துக்குரியது. கிணறு உயிருள்ள பொருள், காலையும் மாலையும் ஒன்றாக இராது.

அக்காவின் கிணறு இன்று

பெட்டியைத் திரும்பச் செய்தேன். இப்போது அதற்குள் இருப்பது ஏ.டி.எஸ். 1115. ஏணி உயரம் 4.096 வோல்ற். ஒரு வாயில் உப்பு, ஒன்றில் தண்ணீரின் வெப்பநிலை, ஒன்றில் பற்றரி. உப்பு வாய் 3.3 வோல்ற்றைத் தாண்டினால் இலக்கம் மறைந்து "அளவு கடந்தது" என்று வரும். மணி அடிக்கும் இடத்தை 2000-க்கு இறக்கினேன். இருபது நிமிடம் இறைத்து ஒரு மணித்தியாலம் விட்டால் உப்பு அவ்வளவு ஏறுவதில்லை என்பதை அக்காவே இலக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். கொப்பி ஒன்றில் காலையும் மாலையும் எழுதி வைக்கிறார். அந்தக் கொப்பி என் பெட்டியை விடப் பெறுமதியானது.

இழந்த விளைச்சலுக்கு நான் கொடுக்க முயன்றதை அவர் முழுதாக வாங்கவில்லை. "அடுத்த முறை சரியாச் செய்து தாங்கோ, இஞ்ச இன்னும் எத்தினை கிணறு கிடக்குது" என்றார்.

1983-க்கு முன்னும் பின்னும் எங்கெங்கோ இருந்து துரத்தப்பட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள், 2008-இல் திரும்பவும் எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்கள், முகாம்களிலிருந்து மீண்டு வந்து இடிந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கியவர்கள் வாழும் நிலம் இது. அவர்களிடம் ஒரு கருவியைக் கொடுக்கும்போது, அது சொல்லும் இலக்கத்தை நம்பி அவர்கள் கடன் எடுக்கிறார்கள், நடுகிறார்கள், பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே சிப் வாங்கப் போகுமுன் ஒரு தாளை எடுத்து இந்த ஆறையும் எழுதுங்கள்: வீச்சு, படி, வேகம், ஒப்பீடு, உணரியின் தடை, இரைச்சல். ஆறுக்கும் விடை எழுதிய பிறகு, எத்தனை பிற் வேண்டும் என்பது தானாகவே தெரியும்.